கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல: உடலில் தோன்றும் வளர்ச்சிகளின் மருத்துவப் பெயர்களை அறிவோம்

பயிரில் ஒரு புள்ளியோ சுருட்டலோ தோன்றினால், அது பூச்சியா, பூசணமா, சத்துக் குறைவா என்று உழவர்கள் முதலில் கேட்டறிகிறார்கள். பெயர் தெரிந்த பின்னரே மருந்து வாங்கச் செல்கிறார்கள். ஆனால் தம் உடலிலோ வீட்டாரின் உடலிலோ ஒரு கட்டி தோன்றும்போது இந்த நிதானம் பலரிடம் காணப்படுவதில்லை. சிலர் பெயரைக் கேட்டதும் அஞ்சி நடுங்குகிறார்கள். சிலர் "கட்டிதானே, அமுங்கிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம் தருபவை.

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மஞ்சளும் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் வீட்டுக்காரரின் தோளில் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்ற ஒரு கட்டி. மருத்துவமனைச் சீட்டில் 'லைப்போமா' என்று எழுதியிருந்தது. "ஓமா என்று முடிந்தால் புற்றுநோய்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் கறவை மாட்டை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு பெரிய நகரத்துக்கு ஓடினார். அங்கும் சொன்னது அதே பெயர்தான். அது தீங்கற்ற வெறும் கொழுப்புக் கட்டி. உயிருக்கு ஆபத்து இல்லை. மாடு மட்டும் போயிற்று.

அடுத்த வீட்டு அம்மாவுக்கு வைகாசியில் மஞ்சள் நடும்போது மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி தென்பட்டது. வலி இல்லை. மருத்துவமனையில் ஊசியால் எடுத்துச் சோதித்து 'கார்சினோமா' என்று எழுதிக் கொடுத்தார்கள். "பக்கத்து வீட்டிலும் ஏதோ ஓமா என்றார்கள், ஒன்றும் ஆகவில்லையே, மஞ்சள் வெட்டி முடியட்டும், பார்ப்போம்" என்று வீட்டார் தள்ளிப்போட்டனர். மாசியில் மஞ்சள் வெட்டும்போது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. முதல் வீட்டில் அஞ்ச வேண்டாத பெயருக்கு அஞ்சினார்கள். இரண்டாம் வீட்டில் அஞ்ச வேண்டிய பெயரை அலட்சியம் செய்தார்கள்.

இத்தகைய நிகழ்ச்சி எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. மருத்துவச் சீட்டில் காணும் இப்பெயர்களின் பொருளை உழவர்கள் ஓரளவு அறிந்துகொள்ள உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

நிலக்கடலை வேர் கற்பிக்கும் பாடம்

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு உருண்டைகள் காணப்படும். இவை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் தங்கியிருக்கும் வேர் முண்டுகள். காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துக் கொடுப்பவை. தக்காளி, கத்தரி, மஞ்சள் ஆகியவற்றின் வேரிலும் முடிச்சுகள் உண்டாவதுண்டு. அவை வேர்முடிச்சு நூற்புழுவால் வருபவை. பயிரை வாட்டி விளைச்சலைக் குறைப்பவை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் ரைசோபியம் முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சில் வேரே பருத்திருக்கும், உதிராது. ஆக, வேரில் உருண்டை இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது எதனால் ஆனது, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம். உடலில் தோன்றும் கட்டிக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

ஊரில் வழங்கும் பெயர்கள்

நம் ஊர்ப் பேச்சிலேயே கட்டிகளுக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றை மருத்துவர் நான்கு வகையாகப் பிரிப்பார்.

1. சீழ் பிடித்தவை: பரு, வேனற்கட்டி, பிளவை முதலியன. நோய்க் கிருமியால் உண்டாகிச் சிவந்து, சூடாகி, வலிக்கும். பிளவை சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். இவை கட்டி எனப்பட்டாலும் உடலின் புதிய வளர்ச்சிகள் அல்ல.

2. நெறி: காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். இது நிணநீர்ச் சுரப்பி கிருமியோடு போரிட்டு வீங்குவது. புண் ஆறினால் நெறியும் வடியும். ஆனால் காரணம் தெரியாமல் வந்து வாரக்கணக்கில் நிற்கும் நெறியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தில் மாலைபோல் கட்டும் கண்டமாலை பெரும்பாலும் காசநோயின் விளைவு; அதைக் காசநோய் மருந்துகளால் குணப்படுத்தலாம்.

3. நீர்க்கட்டி: மருத்துவச் சொல் 'சிஸ்ட்'. நீரோ பசை போன்ற பொருளோ நிறைந்த பை. பெரும்பாலானவை தீங்கற்றவை.

4. உடலின் திசுவே பெருகி வளர்பவை: மரு, பாலுண்ணி, கழலை, நார்க்கட்டி, விழுது, புற்று ஆகியன. இப்பாடம் முக்கியமாக இவற்றைப் பற்றியதே.

'கழலை' என்ற சொல் பலவற்றைக் குறிப்பதால் குழப்பம் நேரும். தோளில் வரும் கொழுப்புக் கட்டியையும் கழலை என்பர். தைராய்டு சுரப்பி வீங்கிக் கழுத்தின் முன்புறம் புடைப்பதையும் முன்கழுத்துக் கழலை என்பர். பின்னது பெரும்பாலும் அயோடின் குறைவால் வருவது. அயோடின் குறைந்த இடங்களில் மரவள்ளியையே முதன்மை உணவாக உண்பதும் அதனை மிகுவிக்கும். அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துவது எளிய தடுப்பு முறை. எனினும் கழுத்து வீக்கம் எதுவானாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

வளர்ச்சி முறை தவறுவது எப்படி?

உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. தேவைப்படும்போது செல் இரண்டாகப் பிரியும். தேவை தீர்ந்ததும் நின்றுவிடும். இந்த ஒழுங்கு படிப்படியாகக் குலைவதை மருத்துவர்கள் தனித்தனிச் சொற்களால் குறிப்பர். சீட்டில் இச்சொற்கள் வந்தால் எந்தப் படியில் இருக்கிறோம் என்று அறியலாம்.

ஹைப்பர்ட்ரோபி: செல்லின் எண்ணிக்கை கூடாமல் அளவு மட்டும் பெருப்பது. உழுது உழைக்கும் காளையின் தசை திரள்வது இவ்வகை. இது நோயன்று.

ஹைப்பர்பிளேசியா: செல்லின் எண்ணிக்கை கூடுவது. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்புக் காய்ப்பதில் தோல் செல்கள் இவ்வாறு பெருகுகின்றன. உராய்வு நின்றால் காய்ப்பும் மறையும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும்போது 'பி.பி.எச்.' என்று எழுதுவார்கள். புரோஸ்டேட் சுரப்பியின் தீங்கற்ற ஹைப்பர்பிளேசியா என்பதன் சுருக்கம் அது, புற்றுநோய் அன்று.

டிஸ்பிளேசியா: செல்கள் உருவமும் ஒழுங்கும் மாறிக் காணப்படுவது. இன்னும் புற்று ஆகவில்லை, ஆனால் ஆகக்கூடும். புகையிலை மெல்லுபவர் வாயில் தோன்றும், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டில் (லுக்கோபிளேக்கியா) சிலருக்கு இந்த மாற்றம் இருக்கும். புகையிலையை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டிய படி இது.

நியோபிளேசியா: 'புது வளர்ச்சி' என்பது பொருள். செல்கள் உடலின் கட்டளைக்கு அடங்காமல் தாமே பெருகுவது. இதனால் உண்டாகும் கட்டிக்கு 'நியோபிளாசம்' அல்லது 'டியூமர்' என்று பெயர். டியூமர் என்ற லத்தீன் சொல்லுக்கு வீக்கம் என்பதே நேர்ப்பொருள். ஆகவே டியூமர் என்றாலே புற்றுநோய் என்று கொள்ளக் கூடாது.

தீங்கற்றவை, தீயவை

டியூமர்கள் இருவகை. 'பினைன்' என்றால் தீங்கற்றது. 'மலிக்னன்ட்' என்றால் தீயது, அதாவது புற்று.

தீங்கற்ற கட்டி வரப்புக்குள் நிற்கும் பயிர் போன்றது. பெரிதாகலாம், ஆனால் தன் எல்லையைத் தாண்டாது. பொதுவாக மெதுவாக வளரும். பெரும்பாலும் ஓர் உறையால் மூடப்பட்டிருக்கும். அகற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. ஆயினும் இடத்தைப் பொறுத்துத் தொல்லை தரும். வாய்க்காலில் உருண்டு விழுந்த பாறை தீய பொருளன்று. ஆனால் நீரைத் தடுத்துவிடும். அதுபோலத் தலைக்குள் வளரும் தீங்கற்ற கட்டி மூளையை அழுத்தும். கருப்பையில் வளரும் நார்க்கட்டி மிகுந்த உதிரப்போக்கால் இரத்தசோகையை உண்டாக்கும்.

தீய கட்டி கோரை போன்றது. பக்கத்துத் திசுவுக்குள் வேர் விட்டு நுழையும். வெட்டியபின் சிறிது எஞ்சினாலும் மீண்டும் முளைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடம்விட்டு இடம் பெயரும். களை விதை வாய்க்கால் நீரோடு போய்க் கடைமடை வயலில் முளைப்பது போல, இரத்தக் குழாய், நிணநீர்க் குழாய் வழியாகப் புற்றுச் செல்கள் போய் நுரையீரலிலோ கல்லீரலிலோ எலும்பிலோ முளைக்கும். இதற்கு 'மெட்டாஸ்டாசிஸ்' என்று பெயர். மேலே சொன்ன அம்மாவுக்கு அக்குளில் நெறி கட்டியதும் இந்த வழியில்தான்.

பயிரிலும் கட்டி நோய் உண்டு. ரோஜா, திராட்சை முதலியவற்றின் தண்டின் அடியில் தோன்றும் கழலை (கிரவுன் கால்) ஒரு பாக்டீரியாவால் வருவது என்று 1907-ல் அமெரிக்காவில் ஸ்மித், டவுன்சென்ட் என்ற இரு அறிஞர்கள் கண்டறிந்தனர். பாக்டீரியா இல்லாமற்போன பின்னும் அந்தக் கட்டி தானே வளரும் என்பது 1940-களில் தெரியவந்தது. இது புற்றைப் போன்ற குணமே. ஆனால் செடியின் செல்கள் உறுதியான சுவரால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், மனிதப் புற்றைப் போல அவை ஊர்ந்து சென்று வேறிடத்தில் முளைப்பதில்லை. கட்டியாக இருப்பதைவிடப் பரவுவதே புற்றின் பெருங்கொடுமை என்பதை இந்த ஒப்பீடு விளக்கும்.

பெயரின் வாலைப் பார்க்க

மருத்துவப் பெயரில் முன்பகுதி எந்தத் திசு என்பதைக் கூறும். பின்பகுதி எத்தகைய கட்டி என்பதைக் கூறும்.

'ஓமா' என்று மட்டும் முடிந்தால் பெரும்பாலும் தீங்கற்றது:
லைப்போமா – கொழுப்புக் கட்டி
ஃபைப்ரோமா – நார்த்திசுக் கட்டி
அடினோமா – சுரப்பித் திசுக் கட்டி
ஃபைப்ரோஅடினோமா – இளம்பெண்களின் மார்பில் தொட்டால் நழுவும் கட்டி
லியோமயோமா – கருப்பையின் தசைநார்க் கட்டி (ஃபைப்ராய்டு)
ஆஸ்டியோமா – எலும்புக் கட்டி
பாப்பிலோமா – பாலுண்ணி போன்ற வளர்ச்சி

'கார்சினோமா' என்று முடிந்தால் புற்று. தோல், வாய், இரைப்பை, மார்பு, கருப்பை வாய் போன்றவற்றின் மேலுறைத் திசுவிலும் சுரப்பித் திசுவிலும் தோன்றுவது. புற்றுநோய்களில் பெரும்பாலானவை இவ்வகையே. 'அடினோகார்சினோமா' என்பது சுரப்பித் திசுவின் புற்று. 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்பது தட்டைச் செல்களின் புற்று. வாயிலும் கருப்பை வாயிலும் அதிகம் காணப்படுவது.

'சார்கோமா' என்று முடிந்தால் எலும்பு, தசை, கொழுப்பு, நார் ஆகியவற்றின் புற்று. லைப்போமா தீங்கற்றது; லைப்போசார்கோமா புற்று. நடுவில் உள்ள ஒரு சொல்லால் பொருள் தலைகீழாகிறது.

இவ்விதிக்குச் சில விலக்குகள் உண்டு. இவற்றை நினைவில் நிறுத்துக. லிம்போமா (நிணநீர்ச் சுரப்பி), மெலனோமா (நிறமிச் செல்), மயலோமா (எலும்பு மச்சை), பிளாஸ்டோமா என முடியும் பல பெயர்கள் ஆகியவை 'ஓமா' என்று எளிமையாக முடிந்தாலும் புற்றுகளே. மறுபுறம், ஹீமட்டோமா என்பது அடிபட்டு இரத்தம் கட்டுவது. கிரானுலோமா என்பது நாட்பட்ட அழற்சியால் வரும் முடிச்சு. கிளாக்கோமா என்பது கண்ணின் நீரழுத்த நோய். இவை டியூமரே அல்ல. 'லுக்கேமியா' என்பது கட்டியாகத் தெரியாமல் இரத்தச் செல்களில் வரும் புற்று.

ஆகவே வாலைப் பார்ப்பது முதற்படி மட்டுமே. "ஐயா, இது பினைனா, மலிக்னன்டா?" என்று மருத்துவரை நேரே கேட்பதே முடிவான வழி. அவ்வாறு கேட்பது நோயாளியின் உரிமை.

சீட்டில் காணும் பிற குறிகள்

பெயருக்கு முன் கேள்விக்குறி இருந்தால், மருத்துவர் ஐயப்படுகிறார், இன்னும் உறுதியாகவில்லை என்பது பொருள். 'சி.ஏ.' என்று எழுதி அதன்பின் உறுப்பின் பெயர் இருந்தால் அது கார்சினோமாவின் சுருக்கம். இரத்தப் பரிசோதனைத் தாளில் அதே எழுத்துகள் சுண்ணாம்புச் சத்தைக் குறிக்கும். 'நெகட்டிவ் ஃபார் மலிக்னன்சி' என்றால் எடுத்துச் சோதித்த திசுவில் புற்று காணப்படவில்லை என்பது பொருள். நெகட்டிவ் என்ற சொல்லைக் கண்டு வருந்தியவர்களும் உண்டு!

'பயாப்சி' என்பது கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. 'எஃப்.என்.ஏ.சி.' என்பது மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. நிலக்கடலை முண்டைக் கிள்ளிப் பார்த்தோமே, அதுவே இது.

'கிரேடு' என்பது செல்லின் குணத்தைக் கூறும். கிரேடு 1 என்றால் செல்கள் இயல்பான செல்களை ஓரளவு ஒத்திருக்கின்றன, மெதுவாக வளரும். கிரேடு 3 என்றால் பெரிதும் மாறிவிட்டன, விரைந்து வளரும். 'ஸ்டேஜ்' என்பது பரவிய தூரத்தைக் கூறும். களை ஒரு மூலையில் உள்ளதா, வயல் முழுதுமா, அடுத்த ஊருக்கும் போயிற்றா என்பது போன்றது. இதனை டி, என், எம் என்ற மூன்று எழுத்துகளால் குறிப்பர். டி என்பது கட்டியின் அளவு. என் என்பது நெறிகளுக்குப் பரவிய நிலை. எம் என்பது தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய நிலை. 'டி2 என்1 எம்0' என்றால் நடுத்தரக் கட்டி, அருகிலுள்ள நெறிக்குப் பரவியுள்ளது, தொலைவில் பரவவில்லை என்று கொள்ளலாம். 'இன் சிட்டு' என்றிருந்தால் புற்றுச் செல்கள் தோன்றிய படலத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை. இந்நிலையில் சிகிச்சை பெற்றால் முற்றிலும் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம்.

நண்டும் புற்றும்

'கேன்சர்' என்ற லத்தீன் சொல்லுக்கு நண்டு என்பது பொருள். சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டஸ் காலத்தில், நண்டு என்ற பொருள் தரும் 'கார்கினோஸ்' என்ற சொல்லால் இந்நோயைக் குறித்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டின் கால்களைப்போல் தோன்றியது காரணம் என்பர். கார்சினோமா என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. தமிழில் நாம் கறையான் புற்றின் பெயரை வழங்குகிறோம். வெளியே தெரியும் மேட்டைவிட மண்ணுக்குள் ஓடும் வளைகள் அதிகம் என்பதை உழவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பெயருக்கு இருந்த அச்சம் பெரிது. தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த பேரறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தபோது, குணப்படுத்த இயலாத நோய் என்ற எண்ணம் மக்களிடம் மேலும் வேரூன்றியது. ஆனால் அதற்கு முன்பே மாற்று முயற்சி தொடங்கிவிட்டது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் உழைப்பால் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் மறையும்வரை அதற்கே தம் வாழ்நாளை அளித்தார். முன்கூட்டியே கண்டறிந்தால் குணப்படுத்தலாம் என்பதே அவர் ஓயாமல் சொல்லிவந்த செய்தி.

திண்டுக்கல் மாவட்டம் காட்டிய வழி

இதற்குச் சான்று நம் தமிழ்நாட்டு நாட்டுப்புறத்திலேயே உண்டு. பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்று, பாப்பிலோமா வைரஸ் என்ற கிருமி நீண்டகாலம் தங்குவதால் வருவது. புற்று ஆவதற்கு முன் பல ஆண்டுகள் அது 'சி.ஐ.என்.' என்ற முன்நிலையில் இருக்கும். இச்சொல்லின் கடைசி எழுத்து நியோபிளேசியாவைக் குறிக்கிறது. ஆனாலும் இது இன்னும் புற்று அன்று. சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானே மறையும். 2, 3 ஆகியவற்றுக்குச் சிகிச்சை வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப் பெண்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. ஏறத்தாழ 49 ஆயிரம் பெண்கள் இருந்த ஊர்களில் பரிசோதனைக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. ஏறத்தாழ 31 ஆயிரம் பெண்கள் இருந்த பிற ஊர்கள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. பரிசோதனை மிக எளியது. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிச் சிறிது நேரம் கழித்துப் பார்ப்பார். மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தோன்றும். அங்கேயே உறைகுளிர் முறையில் சிகிச்சை அளிக்க முடிந்தது. 2007-ல் முடிவு வெளியாயிற்று. ஒரே ஒருமுறை இப்பரிசோதனைக்கு ஏற்பாடு செய்த ஊர்களில் இப்புற்று தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் நேரும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

களை விதைக்கும் முன் கொத்தி எடுத்ததற்கு ஒப்பானது இது. எனவே 30 வயது கடந்த பெண்கள் நோய்க் குறி எதுவும் இல்லாவிடினும் அரசு மருத்துவமனையில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வைரஸுக்கு எதிரான தடுப்பூசியும் உள்ளது. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் போடுவது மிகுந்த பயன் தரும்.

கால்நடைகளில் காணும் வளர்ச்சிகள்

பாலுண்ணி: மாட்டின் மடி, காம்பு, கழுத்து ஆகிய இடங்களில் வரும். இதுவும் ஒருவகைப் பாப்பிலோமா வைரஸால் வருவதே. பெரும்பாலும் சில மாதங்களில் தானே உதிர்ந்துவிடும். ஒரே கயிறு, ஒரே ஊசி வழியாகப் பிற மாடுகளுக்குப் பரவும்.

தோல் கழலை நோய்: உடல் முழுதும் உருண்டைகளும் காய்ச்சலும் காணும். இது அம்மை இனத்து வைரஸ் நோய், புற்று அன்று. இந்தியாவில் 2019-ல் முதலில் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. ஈ, கொசு, உண்ணி கடிப்பதால் பரவும். தடுப்பூசி உண்டு.

கொம்புப் புற்று: இது கார்சினோமா. நம் நாட்டு மாடுகளில், குறிப்பாக வயது வந்த எருதுகளில் காணப்படும். மாடு தலையை ஒருபக்கம் சாய்த்து உதறும். கொம்பை மரத்தில் தேய்க்கும். அதே பக்க மூக்கில் இரத்தம் கசியும். கொம்பு ஆட்டம் காணும். தொடக்கத்திலேயே கால்நடை மருத்துவர் கொம்பை அடியோடு அகற்றினால் பல மாடுகள் பிழைக்கும்.

கண் இமையின் உட்புறத்தில் இளஞ்சிவப்பாகத் தோன்றும் சதையையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும். மாடுகளின் புற்று மனிதருக்குத் தொற்றாது. மனிதரின் புற்றும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குவது தவறு.

தவறான எண்ணங்கள்

"வலி இல்லை; ஆகவே ஆபத்து இல்லை." இதுவே மிகக் கேடானது. சீழ்க்கட்டிதான் வலிக்கும். தொடக்க நிலைப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

"ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவும்." முறையாகச் செய்யும் திசு ஆய்வுக்கு அஞ்சி நோயை வளரவிடுவதே பெருங்கேடு. ஆய்வின்றிச் சரியான சிகிச்சை இல்லை.

"மஞ்சள் அரைத்துப் போட்டால் கரையும்." நம் மஞ்சள் நல்ல பொருள்தான். ஆனால் பற்றுப் போட்டு எந்தக் கார்சினோமாவும் கரைவதில்லை, காலம்தான் கரையும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைப்பது உண்மை. தமிழ்நாட்டு மானாவாரி நிலங்களில் இச்செடி பயிரிடப்படுகிறது. ஆனால் அம்மருந்துகள் பிரித்தெடுத்துச் சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில் ஊசியாகத் தரப்படுபவை. இலையை அரைத்துக் குடித்தால் நஞ்சாகும்.

தவிர்க்கக் கூடிய காரணங்களில் முதன்மையானது புகையிலை. மெல்லுவது, புகைப்பது இரண்டுமே. பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளத்தில் உள்ள அஃப்ளடாக்சின் நஞ்சு கல்லீரல் புற்றுக்கு ஒரு காரணம். காயை நன்கு உலர்த்திச் சேமிப்பதும், பூசணம் கண்ட பருப்பை நாமும் உண்ணாமல் மாட்டுக்கும் போடாமல் ஒதுக்குவதும் நம் கையில் உள்ளவை.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

1. மார்பில், கழுத்தில் அல்லது வேறிடத்தில் புதிதாகத் தோன்றிய, வளர்ந்துவரும் கட்டி.
2. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் அல்லது பிற புண்.
3. மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு. உடலுறவுக்குப் பின் உதிரப்போக்கு. மலம், சிறுநீர், சளியில் இரத்தம்.
4. விழுங்குவதில் தடை, மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இருமல் அல்லது குரல் மாற்றம்.
5. மச்சத்தின் அளவு, நிறம், ஓரம் மாறுதல்.
6. காரணமின்றி எடை குறைதல்.

இவை இருந்தால் புற்று என்று பொருளன்று. பார்த்தறிய வேண்டும் என்பதே பொருள். பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தார் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாப்பிரெட்டிப்பட்டி அரசு மருத்துவமனைக்கோ செல்லலாம். தேவையானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகள் பல அடங்கியுள்ளன. மாட்டை விற்கும் முன் அத்திட்ட அட்டையைத் தேடி எடுங்கள்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதன் பெயர் என்ன? தீங்கற்றதா, தீயதா? திசு ஆய்வில் உறுதியாயிற்றா, ஐயம்தானா? எவ்வளவு காலத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்? விடைகளை எழுதி வாங்கிச் சீட்டுகளையெல்லாம் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

1. 'லைப்போமா', 'லைப்போசார்கோமா': இவற்றுள் எது புற்று? (விடை: லைப்போசார்கோமா)
2. 'லிம்போமா' தீங்கற்றதா? (இல்லை, புற்று)
3. 'பி.பி.எச்.' என்பது புற்றுநோயா? (அன்று)
4. 'நெகட்டிவ் ஃபார் மலிக்னன்சி' நற்செய்தியா? (ஆம்)
5. வலியில்லாத மார்புக் கட்டியை அறுவடை முடியும்வரை தள்ளிப்போடலாமா? (கூடாது)

நான்கு கேள்விக்கு விடை தெரிந்தவரும் ஐந்தாவதில்தான் தவறுகிறார். மஞ்சள் நிலத்துக்குள் இன்னும் பத்து நாள் கிடந்தால் பெரிய நட்டம் இல்லை. கட்டியின் பெயரை மட்டும் உடனே கேட்டறியுங்கள்.